ஹனோய் ரயிலில் சந்தித்தவர்: அம்மாவிடம் அவரை யார் என்று சொல்வது?

இடதுபக்க ஜன்னல் · வெள்ளி, இரவு 11.20

ஆறு வருடமாக இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன் நான். இன்றைக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 36. காரைக்குடிப் பக்கத்து ஊர். வேலை கோயம்புத்தூரில், ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில். அப்பா இல்லை. எனக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம் என்பது அக்காவுக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னதில்லை.

அம்மாவின் தாத்தா வியட்நாமில், சைகோனில், செட்டியார் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக இருந்தவர். எங்கள் பக்கம் அதைக் ‘கொண்டுவிக்கப் போறது’ என்பார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறுவது. அவர்கள் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் சைகோனில் தோன் தத் தியெப் தெருவில் இன்னமும் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை, ஆனால் மூட்டுவலி. 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேரடி விமானம் விட்டதிலிருந்து, “நீயாச்சும் போயி ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வாப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போன அக்டோபரில் இரண்டு வாரம் விடுப்புப் போட்டுக் கிளம்பினேன்.

போனதுதான் போகிறோம், நாட்டையும் பார்ப்போம் என்று முதலில் ஹனோய்க்குப் பறந்துவிட்டு, அங்கிருந்து ரயிலில் தெற்கே இறங்கலாம் என்று திட்டம். ஹனோயிலிருந்து சைகோன் 1,726 கிலோமீட்டர். பிரெஞ்சுக்காரர்கள் 1936இல் கட்டி முடித்த பாதை. போரில் துண்டு துண்டாகி, 1976 டிசம்பர் கடைசியில்தான் மறுபடி முழு நீளத்துக்கும் வண்டி ஓடியது. மீட்டர் கேஜ். எங்கள் ஊரில் அகலப் பாதை வருவதற்கு முன் இருந்த அதே அளவு. வண்டி கிளம்பிய பத்து நிமிடத்தில் அந்தப் பழைய ஆட்டம் உடம்புக்கு ஞாபகம் வந்துவிட்டது.

நான்கு படுக்கைப் பெட்டி. எதிர்க் கீழ்ப்படுக்கையில் ஒருவர், நாற்பதை ஒட்டிய வயது, கண்ணாடி. தைவானில் தைனான் ஊர்க்காரர். பழைய கோயில்களின் மரவேலையைச் செப்பனிடுவது தொழில். மேலே ஒரு அம்மாவும் சின்னப் பையனும் இருந்தார்கள், விடியற்காலை வின் நிலையத்தில் இறங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பெட்டியில் நாங்கள் இருவர்தான். டோங் ஹோயில் வண்டி நின்றது. முன்னால் பாதையில் வெள்ளம். அக்டோபர், நவம்பர் என்றால் அந்தப் பக்கத்துக்கு அடைமழைக் காலம், ஊரில் எல்லோரும் எச்சரித்துத்தான் அனுப்பினார்கள். 11 மணி நேரம் அங்கேயே நின்றோம்.

அவர் பையிலிருந்து ஒரு பம்பளிமாஸ் எடுத்தார். வலது கட்டைவிரலில் உளி பட்ட தழும்பு. தோலை ஒரே சுருளாக உரித்தார். சுளை ஒவ்வொன்றிலும் அந்த வெள்ளைச் சவ்வைக் கிழித்து நீக்கி, உள்ளே இருக்கும் மணிமணியான சதை கலையாமல் எடுத்து, நூடுல்ஸ் டப்பா மூடியில் வரிசையாக வைத்தார். எல்லாவற்றையும் உரித்து முடித்த பிறகு மூடியை என் பக்கம் தள்ளினார். தனக்கு ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு விவரம் தெரிந்து அம்மாவைத் தவிர யாரும் எனக்குப் பழம் உரித்துக் கொடுத்ததில்லை. பதிலுக்கு அம்மா கட்டிக் கொடுத்த சீப்புச் சீடையைக் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு, உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பி உள்ளே எப்படிக் குழலாக இருக்கிறது என்று ஆராய்ந்தார். மரவேலைக்காரர் கண்.

பேச்சுவாக்கில், “என் முன்னாள் கணவர் தைபெயில் இருக்கிறார்” என்றார். இருவருக்குமே ஆங்கிலம் அரைகுறைதான், அதனால் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம். தைவானில் 2019 மே 24இல் தன்பால் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்த அந்த மாதமே பதிவு செய்தார்களாம், இரண்டரை வருடத்தில் பிரிந்துவிட்டார்களாம். ஒரு ஆண் இன்னொரு ஆணை “என் கணவர்” என்று, பழைய வீட்டு முகவரி சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதே கிடையாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து “நானும்” என்று மட்டும் சொன்னேன்.

ஹுவே தாண்டி லாங் கோ என்ற ஊரிலிருந்து தா நாங் வரை ஹாய் வான் மலையைச் சுற்றி வண்டி ஊர்ந்துதான் போகும். தெற்கே போகும்போது இடதுபக்கம் முழுக்கக் கடல். மழை விட்டிருந்தது. ஒரே ஜன்னலில் இருவரும் நெற்றியை ஒட்டி நின்று பார்த்தோம். அவர் தோள் என் தோளில் பட்டது. இருவரும் விலகவில்லை.

ஹோய் ஆனில் அவரும் நானும் தனித்தனியாகத்தான் அறை எடுக்க இருந்தோம். சேர்ந்தே போனோம். வரவேற்பு மேசையில் இருந்த பெண் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு, எழுதிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஒரு கட்டிலா, இரண்டா?” என்று கேட்டார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். “ஒன்று” என்றார். அந்தப் பெண் சாவியைக் கொடுத்து, காலைச் சாப்பாடு ஆறரைக்கு என்றார். அவ்வளவுதான். இந்த ஒரு நிமிடத்துக்காக நான் இருபது வருடம் பயந்திருக்கிறேன்.

நான்கு நாள். மீ சோன் போனோம். அந்தக் காலத்தில் அங்கே ஆண்ட சாம் அரசர்கள் பத்ரேசுவரர் என்று சிவனை வைத்துக் கும்பிட்ட செங்கல் கோயில்கள். 1969இல் குண்டு போட்டதில் பெரிய கோபுரமே சரிந்துவிட்டது. நம் தொல்லியல் துறைக்காரர்கள் போய்ப் பழுதுபார்த்திருக்கிறார்கள், 2020இல் அங்கே ஒரே கல்லில் செய்த லிங்கம் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். செங்கல்லுக்கு நடுவில் சாந்தே கண்ணுக்குத் தெரியாது. அவர் சுவரில் விரலால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். நான் ஆவுடையார் என்றால் என்ன, நீர் எந்தப் பக்கம் வழியும் என்று சொன்னேன். அவர் பதிலுக்கு, ஆணும் ஆணும் சேர வேண்டிக்கொள்ளும் முயல் தெய்வம் ஒன்று தங்கள் ஊர்ப் பக்கம் உண்டு, நியூ தைபெயில் 2006இல் அதற்குத் தனிக் கோயிலே தொடங்கினார்கள் என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நம்மைக் காக்க என்று ஒரு சாமி!

தமிழ் கற்றுக்கொடு என்றார். “சாப்பிட்டீங்களா” சொல்லிக்கொடுத்தேன். சிரித்தார். அவர்கள் தைவான் பேச்சிலும் பார்த்தவுடன் கேட்பது “சியா பா புவே”, சாப்பிட்டாயிற்றா என்றுதானாம். ‘நீங்க’ என்றால் மரியாதை, ‘நீ’ என்றால் ரொம்ப நெருங்கியவர்கள் என்றேன். “நான் எப்போது ‘நீ’ சொல்லலாம்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

சைகோனில் தெண்டாயுதபாணிக்கு அர்ச்சனை செய்தேன். மறுநாள் மாரியம்மன் கோயில், துருவோங் தின் தெருவில். வியட்நாம்காரர்களும் சீனர்களும்தான் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். கருவறைக்குப் பின்னால் கல்சுவரில் நெற்றியை வைத்து, சுவருக்குள் பேசுவது போல முணுமுணுத்து வேண்டிக்கொள்கிறார்கள். அவரும் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நெற்றியைச் சுவரில் வைத்தார். ரொம்ப நேரம். உதடு அசைந்துகொண்டிருந்தது. கண்ணாடி என் உள்ளங்கையில் வேர்த்தது.

தான் சோன் நியாட் விமான நிலையத்தில் அவர் விமானம் முதலில். உள்ளே போகும் வரிசையில் நின்றவர் திரும்பி வந்து, “நீ சாப்பிட்டியா?” என்றார்.

ஐந்து மாதம் ஆகிறது. ஒரு நாள்கூடப் பேசாமல் இல்லை. மே மாதம் தைனானுக்கு வா, ஒரு மாதம் என்னோடு இரு, அதன் பிறகு முடிவு செய்வோம் என்கிறார். போகத்தான் போகிறேன். என் கேள்வி வேறு. அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போக மனம் இல்லை. படத்தைப் பார்த்து “யாருப்பா அவன்?” என்று ஒரு முறை கேட்டார், “ரயில்ல பார்த்தவரு” என்று சொல்லி நழுவிவிட்டேன். இந்த முறை யார் என்று சொல்வது?

அக்கா_உறையூர் · சனி, காலை 6.05

தம்பி, காலையில காபி ஆறிப் போச்சு, உங்க பதிவ விட்டு எந்திரிக்க முடியல. என் கூடப்பிறந்தவனும் உங்கள மாதிரிதான். அவன் எங்ககிட்ட சொன்னப்ப அம்மா ஒரு வருசம் சரியாப் பேசல. இப்ப அவன் ஃபோன் வரலைன்னா என்னைத்தான் திட்டுறாங்க. உங்க அக்காவ முதல்ல பக்கத்துல உக்கார வச்சுக்கங்க. தனியாச் சொல்லாதீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

நேர்ப்பேச்சு · சனி, காலை 9.40

மனசுல படுறத அப்படியே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நானும் ஒரு தடவ பாலித் தீவுல ஒருத்தரச் சந்திச்சேன். ஒன்பது நாள். உயிரையே கொடுத்திருப்பேன். மூணாவது மாசம் மெசேஜ் நின்னுபோச்சு. பயணத்துல நாம பாக்குற ஆளுக்குத் துவைக்கிற துணி கிடையாது, வாடகை கிடையாது, ஆபீஸ்ல திட்டு வாங்கிட்டு வர்ற முகம் கிடையாது. நம்மகிட்டயும் அதெல்லாம் கிடையாது. அந்த ரெண்டு பேரும் நெஜம்தான், ஆனா அவங்களால ஊர்ல குடியிருக்க முடியாது.

அம்மாகிட்ட சொன்னா அதத் திரும்ப எடுக்க முடியாது. மொதல்ல அந்த ஒரு மாசம் இருந்துட்டு வாங்க. அவர் காய்ச்சல்ல படுத்தா எப்படி இருப்பார், காசு விஷயத்துல எப்படின்னு பாருங்க. அப்புறம் சொல்லலாம். அம்மாவுக்கு வயசாச்சு, வீணா ஒரு தடவ உடைக்க வேண்டாம்.

இடதுபக்க ஜன்னல் · சனி, பகல் 1.15

கோபம் இல்லை. நீங்கள் சொல்வதை நானே இரவில் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. டிசம்பரில் அவர் சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் முறிந்தது. மூன்று வாரம் வேலையில்லை, எரிச்சல், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னிடமும்தான். வீடியோவைப் போட்டு வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் படுத்திருப்பார். நான் இங்கே கணக்கு முடித்துக்கொண்டிருப்பேன். இரண்டரை மணி நேர வித்தியாசம், அவருக்கு நடுநிசி ஆகும்வரை அப்படியே. அந்த மூன்று வாரத்தில் எனக்கு அலுக்கவில்லை. ஹாய் வான் கடலைவிட அந்தப் பேச்சில்லாத வீடியோதான் எனக்கு இப்போது நெருக்கமாக இருக்கிறது.

அம்மாவுக்கு முதலில் சொல்லாமல் போனால், அவருக்கு நான் சொல்வது ‘நடந்து முடிந்த செய்தி’ ஆகிவிடும். அதில் அவருக்கு இடமே இருக்காது. அதுதான் உறுத்துகிறது.

கிள்ளான்வாசி · சனி, மாலை 5.30

மலேசியாவிலேருந்து எழுதுறேன். உங்க ஹோட்டல் கதைய ரெண்டு தடவ படிச்சேன். இங்க நாங்க ரெண்டு பேர் ஒரு ரூம் எடுக்கணும்னா இன்னும் ரெண்டு கட்டில்தான் கேப்போம். எங்க நாட்டுல ஆணும் ஆணும் சேர்றது குத்தம்னு சொல்ற 377ஏ பிரிவு இன்னும் சட்டப் புத்தகத்துல இருக்கு, 20 வருசம் வரைக்கும் ஜெயில், பிரம்படியும் உண்டு. பக்கத்துல சிங்கப்பூர் 2022 நவம்பர்ல நாடாளுமன்றத்துல ஓட்டுப் போட்டு எடுத்துட்டாங்க. ஜோகூர் பாலம் தாண்டினா ஒரு மனுசன், இந்தப் பக்கம் வந்தா வேற மனுசன்.

நானும் என் தோழரும் பேங்காக் போற பஸ்லதான் பழக்கமானோம். அவர் தாய்லாந்துக்காரர். 2025 ஜனவரி 23 அங்க கல்யாணச் சட்டம் வந்தப்ப முதல் வாரத்துலேயே பதிஞ்சுக்கிட்டோம். சொந்தக்காரங்க யாரும் வரல. எங்க பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டி மட்டும் வழியனுப்பறப்ப ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தாங்க, எதுக்குப் போறோம்னு கேக்கவே இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் ஒன்னு சொல்றேன்: சேர்ந்து சுத்தறதுக்குக் கோலாலம்பூர் வந்தீங்கன்னா ஃபோன்ல படம் எல்லாம் பூட்டு போட்டு வைங்க.

சட்டம்_படித்தவன் · சனி, இரவு 8.10

கேட்கவில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. ஆனால் 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமையைத் தர மறுத்துவிட்டது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று. ஆகவே தைவானில் பதிவு செய்தாலும் இங்கே வங்கியிலோ மருத்துவமனையிலோ அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு ஆட்கொணர்வு வழக்கில், குடும்பம் அமையத் திருமணம் மட்டுமே வழி இல்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னது. அந்த வழக்கில் 25 வயதுப் பெண் ஒருத்தியை வீட்டார் பிடித்து வைத்திருந்தார்கள். படித்துப் பாருங்கள், மனதுக்குத் தெம்பு தரும்.

தைவான் பக்கம்: முன்பு இரு நாட்டிலும் சட்டம் இருந்தால்தான் வெளிநாட்டுத் துணையைப் பதிய முடியும் என்றிருந்தார்கள். 2023 ஜனவரியில் அதை மாற்றினார்கள், இப்போது இந்தியரும் பதியலாம். இந்தியா உட்படச் சில நாட்டவருக்கு நேர்காணல் உண்டு. எங்கே சந்தித்தீர்கள், எப்போது, என்னவெல்லாம் பேசினீர்கள் என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்பார்கள். அதனால் அந்த ரயில் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விசாவுக்கு டெல்லி போக வேண்டாம், சென்னையிலேயே 2012 முதல் தைவான் மையம் இருக்கிறது.

இன்னொன்று. ‘யார் என்று சொல்வது’ என்று கேட்டீர்கள். 2022இல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே ஒரு சொற்பட்டியலை அரசிதழில் போட்டது, நீதிமன்றம் சொன்னதால். தன்பாலீர்ப்பு போன்ற சொற்கள் அதில் இருக்கின்றன. மரியாதையான சொற்கள். ஆனால் ஒரு அம்மாவிடம் அடுப்படியில் நின்று சொல்லும் சொற்கள் அல்ல. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மண்வாசம்67 · சனி, இரவு 9.02

நான் இதை ஏற்றுக்கொள்பவன் அல்ல. நம் குடும்ப அமைப்புக்கு இது நல்லதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் பொய் சொல்லிப் போக மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை மதிக்கிறேன். ஒரு பெண்ணைக் கட்டி அவள் வாழ்க்கையைக் கெடுக்காமல் இருந்தீர்களே, அதையும். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பழைய சிராங்கூன் · ஞாயிறு, அதிகாலை 3.45

மேலே நண்பர் ஒரு பெண்ணைக் கட்டுவது பற்றி எழுதிய வரி என்னைத் தூங்க விடவில்லை. நான் கட்டினேன். நல்ல மனுஷி. நான்கு வருடம் முன்பு தவறிவிட்டாள். அவளுக்கு நான் செய்தது சரியா என்று இந்த அறுபத்து மூன்று வயதில் தினமும் யோசிக்கிறேன்.

1995இல் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வெல்டர். தாய்லாந்தில் ஹாட்யாய் போகும் பஸ் எல்லாம் அப்போது கோல்டன் மைல் கட்டடத்திலிருந்துதான் கிளம்பும். ஒரு விடுமுறைக்கு ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று ஏறினேன். பக்கத்து இருக்கையில் தாய்லாந்துக்காரர், கட்டட வேலை. இரவு ஏசி தாங்க முடியாமல் நடுங்கினேன். தன் கம்பளியில் பாதியை என் மேல் போட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை. ஒரு வார்த்தை பொதுவாக இல்லை. சைகைதான், கொஞ்சம் மலாய். 1997இல் தாய்லாந்துப் பணத்தின் மதிப்பு விழுந்தது, அடுத்த வருடம் எனக்குப் பெர்மிட் முடிந்தது. கிளம்பும்போது ஒரு காகிதத்தில் முகவரி எழுதிக் கொடுத்தார். தாய்லாந்து எழுத்தில். எனக்குப் படிக்கத் தெரியாது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னால், இது யார், எதற்கு என்று கேட்பார்களே என்று பயந்து யாரிடமும் காட்டவில்லை.

தம்பி, உங்களுக்கு ஐந்து மாதமாகத் தினமும் பேச முடிகிறது. அவர் ஊர் பெயர் உங்களுக்குத் தெரியும். போங்கள்.

கிள்ளான்வாசி · ஞாயிறு, காலை 7.15

ஐயா, அந்தக் காகிதம் இருக்கா? என் வீட்டுக்காரர் தாய்லாந்துக்காரர்தான். எனக்குத் தனியா அனுப்புங்க. யார், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்.

பழைய சிராங்கூன் · ஞாயிறு, காலை 7.50

டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும். பேரன் எழுந்ததும் இறக்கச் சொல்கிறேன்.

யாழ்மழை · ஞாயிறு, மாலை 4.20

நான் மொன்றியலில இருக்கிறன், சொந்த ஊர் வடமராட்சி. எங்கட நாட்டில 365ஏ எண்ட இதே மாதிரிச் சட்டம் இன்னும் அப்பிடியே கிடக்கு, வெள்ளைக்காரன் 1883இல எழுதி வச்ச சட்டக் கோவை. நான் இஞ்ச வந்தபிறகுதான் மூச்சு விட்டனான். பெரியவர் எழுதினதை வாசிச்சுப்போட்டு ரெயினுக்குள்ள இருந்து அழுதனான்.

சொல்லைப் பற்றிக் கதைச்சியள். என்ர அம்மாட்ட நான் ‘துணைவர்’ எண்டு சொன்னனான். அவவுக்கு அது ரேடியோச் செய்தி மாதிரி இருந்திருக்கு. ‘சிநேகிதன்’ எண்டால் பள்ளிக்கூடப் பெடியன். கடைசியில அம்மாவே ஒரு நாள் ஃபோனில, “உன்னோட இருக்கிற பிள்ளை சாப்பிட்டதோ?” எண்டு கேட்டவ. அண்டைக்குப் பிறகு அதுதான் பெயர். நீங்கள் சொல்லைத் தேட வேண்டாம் அண்ணை. ஆளைச் சொல்லுங்கோ. பழம் உரிச்சுத் தந்தவர் எண்டு சொல்லுங்கோ. மிச்சத்துக்கு அம்மா ஒரு சொல் வச்சிருப்பா.

இடதுபக்க ஜன்னல் · ஞாயிறு, இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. சிராங்கூன் ஐயாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவின் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். மூன்று வருடம், ஆண்கள் மட்டும், கிட்டங்கி என்ற கடைக் கட்டடத்தில் பெட்டகத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருப்பார்களாம். அந்த வரிசையில் யாராவது யாருக்காவது கம்பளியில் பாதி கொடுத்திருப்பார்களா? கணக்குப் பேரேட்டில் ஒரு காசு விடாமல் எழுதியவர்கள் அதை எங்கேயும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அடுத்த வெள்ளி ஊருக்குப் போகிறேன். அக்காவும் வருகிறாள்.

பழைய சிராங்கூன் · செவ்வாய், இரவு 8.25

காகிதம் கிடைத்தது. பாதி எழுத்து கரைந்துவிட்டது. கிள்ளான் தம்பிக்குப் படம் அனுப்பினேன். வீட்டு எண், தெரு எதுவும் தெரியவில்லையாம். மாகாணம் மட்டும் தெளிவாக இருக்கிறதாம்: நக்கோன் சி தம்மராத். கீழே கிராமத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்து.

பேரனிடம் வரைபடத்தில் காட்டச் சொன்னேன். கடற்கரை ஊர். இருபத்தெட்டு வருடமாக எனக்கு ஊர் பெயரே தெரியாது. இப்போது தெரியும்.

நேர்ப்பேச்சு · செவ்வாய், இரவு 9.10

ஐயா, நான் போன வாரம் எழுதினத எடுத்துடட்டுமான்னு யோசிச்சேன். இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஆனா ஜன்னல், நீங்க அம்மாகிட்ட சொல்லிட்டே போங்க. என் பேச்ச மாத்திக்கிறேன்.

இடதுபக்க ஜன்னல் · அடுத்த திங்கள், இரவு 9.55

சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, வளவில் உட்கார்ந்து அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தார். அக்கா தூணில் சாய்ந்து இருந்தாள். யாழ்மழை சொன்னபடியே செய்தேன். வெள்ளத்தில் வண்டி நின்றதைச் சொன்னேன், பம்பளிமாஸைச் சொன்னேன், மாரியம்மன் கோயில் சுவரைச் சொன்னேன். அவரோடு இருந்து பார்க்கத்தான் மே மாதம் போகிறேன், எனக்குக் கல்யாணம் என்று ஒன்று இருந்தால் அது அவரோடுதான் என்றேன். அம்மா கை நிற்கவில்லை. கொட்டையைத் தனியாக, நாரைத் தனியாகப் போட்டுக்கொண்டே இருந்தார். முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பேசாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

இரவு சாப்பிட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தனியாகப் போனார், மூட்டுவலியோடு. திரும்பி வந்தும் பேச்சில்லை. அக்கா மட்டும், “இருடா, அவசரப்படாத” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்று விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயம்புத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா எனக்கு முன்னால் எழுந்து அடுப்படியில் நின்றிருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு. காபியை ஆற்றி வைத்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, நின்றபடியே குடித்தேன். பையைத் தோளில் மாட்டும்போது, திரும்பாமலே கேட்டார்.

“அவுக வீட்டுல யாரு யாரு இருக்காக?”